எர்மிந்தாவின் வீடு நகர்ந்த நாள்

குளிர்காலம் ஒவ்வொன்றிலும்
கடல் ஒரு முழம் கரையைத் தின்றது.
எர்மிந்தாவின் சமையலறைச் சன்னலுக்கும் அலைக்கும் நடுவே
இந்த ஆண்டு மிஞ்சியது
ஒரு கோழிக்கூடு.

சிலோயே தீவில் வீட்டை யாரும் இடிப்பதில்லை.
அடியில் உருட்டுக்கட்டை கொடுத்து
எருதுகளைப் பூட்டி
ஊரே சேர்ந்து மேட்டுக்கு இழுத்துப் போவோம்.
கூலி கிடையாது.
வீட்டுக்காரர் கதவு கதவாக வந்து
வாய் திறந்து கேட்க வேண்டும்,
அவ்வளவுதான்.
கேட்பதுதான் கடினம் என்பார்கள்.

மழையில் வந்தாள், தலையில் சாக்கு.
"உன் இரண்டு எருதும் வேண்டும், பெலார்மினோ.
உன் தோளும்."
சரி என்றேன்.
படியிறங்கிய பிறகு, திரும்பாமல் சொன்னாள்:
"ரொசாமெலிடமும் கேட்டிருக்கிறேன்."

பதினோரு வருடம்.
அவன் இரவல் வாங்கிப் போய் உடைத்த என் படகு.
பாறை என்றான் அவன்.
குடி என்றேன் நான்.
அன்றிலிருந்து, கோவிலில்
ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் வேளையில்
நான் ஆட்களை எண்ணிக்கொள்வேன்:
முன்னால் இருவர், பின்னால் இருவர்,
பக்கத்தில் கண் தெரியாத துலியா.
அத்தோடு என் கை முடிந்துவிடும்.
பாதிரியார் வரும் ஞாயிறுகளில்
அதே கையை நீட்டி
நற்கருணை வாங்குவேன்.
கூசியதில்லை.
பழகிவிட்டது.

சனிக்கிழமை விடிந்தபோது
எட்டு ஜோடி எருதுகள் சேற்றில் நின்றன.
எர்மிந்தா அடுப்பை மட்டும் அணைத்தாள்.
சுவரில் மாதா படம், அலமாரியில் கோப்பைகள்,
எல்லாம் இருந்தபடி இருக்கட்டும் என்றாள்.
"உடைந்தால் விருந்தில் நீங்கள்தான்
உள்ளங்கையில் குடிக்க வேண்டும்."

வீடு முனகியது.
பிறகு, ஒரு பெரிய விலங்கு போல,
சம்மதித்து நடந்தது.

பாதி மேட்டில் ஒரு நுகத்தடி முறிந்தது.
வீடு பின்னுக்கு வழுக்கியது, கடலைப் பார்த்து.
யார் கத்தியது என்று தெரியாது,
எல்லோரும் கயிற்றில் விழுந்தோம்.
நிமிர்ந்தால்
என் முகத்துக்கு ஒரு சாண் முன்னால்
ரொசாமெலின் பிடரி.
நரைத்திருந்தது.
எப்போது நரைத்தான் இவன்?
மூச்சு வாங்கினான், அவனுடைய அப்பாவைப் போலவே,
நெஞ்சில் விசில் சத்தத்தோடு.

"விடாதே" என்றான். யாரிடம் என்று அவனுக்கே தெரியாது.
"நீயும்" என்றேன்.

வெறுப்பதற்கு அப்போது என்னிடம்
ஒரு கையும் மிச்சமில்லை.

கடவுள் எங்கே நின்றார் என்று
பேரப்பிள்ளைகள் கேட்டால் நான் என்ன சொல்ல?
கயிற்றில் இருபத்திரண்டு பேர்.
இழுவிசை அதற்கும் கொஞ்சம் அதிகமாக இருந்தது.
நான் எண்ணிப் பழகியவன்,
எனக்குத் தெரியும்.

விருந்தில் அவன் ஒரு கோடியில், நான் மறு கோடியில்.
குழியில் வெந்த சிப்பியும் உருளைக்கிழங்கும் பன்றி இறைச்சியும்
எங்கள் இருவருக்கும் நடுவே
ஆவி விட்டுக்கொண்டிருந்தன.
கோப்பை ஒன்றே ஒன்றுதான் உடைந்தது.
எர்மிந்தா புதிய வாசலில் நின்று
வீடு பழைய திசையையே பார்க்கிறது என்று
குறைபட்டாள்.

ஞாயிறு.
பெஞ்சுகள் மாறவில்லை, மழையும் மாறவில்லை.
சமாதானம் சொல்லும் வேளை வந்தது.
முன்னால் இருவர்.
பின்னால் இருவர்.
பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டு
நடுவழியைக் கடந்து போனேன்.

அவன் எழுந்து கை நீட்டினான்.
கொப்புளத்தின்மேல் கொப்புளம்.
உயிர் போகிற வலி. இருவரும் விடவில்லை.

"குடித்திருந்தேன்" என்றான், சத்தமில்லாமல்.
"பாறையும் இருந்தது" என்றேன்.

திரும்பி என் இடத்துக்கு வந்தபோது
துலியா இன்னும்
காற்றில் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.
"இன்றைக்கு ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள்,
"உன் கை எங்கே போயிருந்தது?"