பதினேழாவது பெயர்

ஏப்ரல் இருபத்து நான்கு. தெற்குத் தீவில் இலையுதிர் காலம்.
சாக்கை நான்காய் மடித்து முழங்காலுக்கு அடியில் போட்டுக்கொண்டு
கல்லின் முன் உட்காருகிறேன்.
நகராட்சி தருவது
ஒரு டப்பா கறுப்பு வண்ணம், மெல்லிய தூரிகை ஒன்று,
இரண்டு மணி நேரக் கூலி.
வேலை நான்கு மணி நேரம்.

பல் துலக்கும் பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டுகிறேன்.
ஓர் எழுத்தின் வயிற்றுக்குள் சிலந்தி குடியிருக்கிறது.
நாளை மறுநாள் வா என்று ஊதி அனுப்புகிறேன்.
பதினேழு பெயர்கள், அகர வரிசையில்.
பதினைந்தும் பதினாறும் டல்லக் வீட்டுப் பையன்கள்.
இருவருக்கும் சேர்த்து
ஒரே தந்தி வந்ததாம்.

பதினேழு: ஹெக்டர் வாடெல்.
அவன் சாகவில்லை.

மார்ச்சில் கல்லைத் திறந்தார்கள்.
மே மாதம், புதன்கிழமை ரயிலில்
ஒரு கித்தான் பையோடு இறங்கினான்.
போர் முடிந்து நான்கு வருடம் எங்கே இருந்தாய் என்றதற்கு
"அங்கேதான்" என்றான்.
அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.
அவன் அக்கா கறுப்புடையை
மரவள்ளிக் கிழங்கு நிறத்தில் சாயம் மாற்றப் போட்டாள்.
பிடிக்கவில்லை சாயம்.

பெயரைச் சிமென்ட் பூசி மறைக்க
நான்கு பவுண்டு கேட்டான் கல்தச்சன்.
கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது:
ஒத்திவைக்கப்பட்டது.
அடுத்த வருடம்: ஒத்திவைக்கப்பட்டது.
அதற்கடுத்த வருடப் பக்கத்தில்
பாலத்துக்குத் தார் பூசுவது பற்றி மட்டும்.

முதல் வருட விடியல் கூட்டத்தில்
பெயர்களை வாசித்துக்கொண்டே வந்த பாதிரியார்
பழக்கத்தில் அவன் பெயரையும் வாசித்துவிட்டார்.
பின்வரிசையிலிருந்து
பள்ளிக்கூடப் பையனைப் போல ஒரு குரல்:
"உள்ளேன் ஐயா."
யாரோ சிரித்தார்கள்.
டல்லக் பையன்களின் அம்மா திரும்பிப் பார்த்தாள்.
கோபமாகக்கூட இல்லை என்கிறார்கள்.
வரிசையில் இன்னும் இரண்டு பேர் பதில் சொல்வார்களா என்று
காது கொடுத்த பார்வை.

அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கவில்லை.
முப்பத்தெட்டு வருடம்
அதே பின்வரிசை, அதே கோட்டு.
தன் பெயர் வரும்போது தொப்பியைக் கழற்றுவான்,
வேறொருவனுக்குக் கழற்றுவது போல.
சனிக்கிழமைகளில் கல்லைச் சுற்றிக் களை பறிப்பான்.
டல்லக் வீட்டு விறகை
யார் பிளந்து வைத்துப் போனார்கள் என்று
அந்த வீட்டில் யாரும் விசாரித்ததில்லை.

ஆட்டுக் கொட்டகையில் மாரடைப்பு. மறுபடி செத்தபோது
புதிதாக வெட்ட எதுவும் இருக்கவில்லை.

போன மாதம் நகரத்திலிருந்து கடிதம்:
பிழைகள் திருத்தப்பட வேண்டும், செலவு அவர்களுடையது.
மன்றத்தில் பதினொரு பேர் கூடினோம்.
டீ ஆறியது.
பள்ளி பஸ் ஓட்டும் ஹினே கேட்டாள்:
"அப்போ அங்கே செத்தது யாரு?"
குறிப்பேட்டில் நான்தான் எழுதினேன்.
எழுதுவதற்கு ஒரு சொல்தான் இருந்தது.

காய்ந்துவிட்டது வண்ணம்.
விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே
ஊர் வந்து நிற்கிறது, காகிதப் பாப்பிகளோடு,
வாயெல்லாம் புகையாய்.
இந்த முறை வாசிப்பது மரிசெல்.
அவள் அப்பா மனிலாவிலிருந்து வந்து
எங்கள் மாடுகளைக் கறக்கிறார்.
நீல மையில் தட்டச்சிட்ட பழைய தாள்.
கடைசிப் பெயருக்குப் பின்னால் மட்டும்
யாரோ பென்சிலால் போட்ட ஒரு காற்புள்ளி.
அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

டல்லக். டல்லக்.
ஹெக்டர் வாடெல்,

நிறுத்துகிறாள்.
ஒரு மூச்சளவு எல்லோரும் நிற்கிறோம்.
நெடுஞ்சாலையில் எங்களுக்காக எஞ்சினை அணைத்து நிற்கும்
இறைச்சிக்கூடத்து லாரியின்
இரண்டாம் தட்டிலிருந்து
ஓர் ஆடு கத்துகிறது.

யாரும் சிரிக்கவில்லை.