பதினான்காம் வரிசை, ஒன்பதாம் செடி

டே ஆற்றுக்கு வடக்கே
ஜூன் இரவு பத்து மணிக்கும் இருட்ட மறுக்கும்.
இஷ்பெல் முழங்காலில் நின்று
ராஸ்பெரி இலைகளைப் புரட்டுகிறாள்,
எந்த இலைக்கும் அடிப்பக்கம்தான்
உண்மைப் பக்கம் என்பதுபோல.

கையில் எண்ணும் கருவி.
பூச்சிக்கு ஒரு சொடுக்கு.
வரிசை பதின்மூன்று: இருநூற்றுப் பதினாறு.
வரிசை பதினான்கு, செடி எட்டு: நாற்பத்தொன்று.
செடி ஒன்பது:

கருவி சத்தம் போடவில்லை.

*

அசுவினி.
முதல் நாள்மீனின் பெயரை
இந்தச் சாறுறிஞ்சிக்கு வைத்தவர் யாரோ;
வானத்தில் எண்ணிச் சலித்தவராக இருக்கலாம்.
பச்சை. எள்ளைவிடச் சற்றுப் பெரிது.
ஆண் துணை தேடாமல் கோடை முழுக்க
மகள்களாகவே பெறும்;
பிறக்காத மகளுக்குள்
பேத்தி ஏற்கெனவே உருண்டுகொண்டிருப்பாள்.
போகிற செடிக்கெல்லாம் நோயை
வாயில் சுமந்து போகும்.

மறுநாள் மெல்லிய தூரிகையால்
ஐந்தைத் தூக்கி
ஒன்பதாம் செடியில் விட்டாள்.
இலை போட்டாயிற்று.

நடந்தன.
நரம்பின் மேல் ஊசியை ஒருமுறை இறக்கின.
எடுத்துக்கொண்டன.
சம்பந்தி வீட்டில் ஏதோ ஒரு சொல் காதில் விழுந்து
கை நனைக்காமல் எழுந்துவிடுகிறவர்கள்போல
விளிம்புவரை போய், தண்டில் இறங்கி,
மண்ணோடு போயின.

செடி என்ன சொன்னது?
முள் காட்டவில்லை. நாற்றம் வீசவில்லை.
லென்ஸுக்கு அடியில் பக்கத்துச் செடியின்
அதே மயிர், அதே மெழுகு.
உள்ளே எங்கோ, சாறு ஓடும் வழியில்
ஒரு ‘மாட்டேன்’.

*

ஸ்விலென் பல்கேரியாவிலிருந்து
பழம் பறிக்க வந்தவன். கிலோவுக்குக் கூலி.
அந்தச் செடியின் பழத்தை வாயில் போட்டு
நெடுநேரம் யோசித்தான்.
“மழையில் நனைந்த அட்டைப்பெட்டி.
பூச்சி தொடாததில் என்ன அதிசயம்?”
அவள் சிரித்தாள். எழுதியும் வைத்தாள்.
சுவை: அட்டைப்பெட்டி.

பிறகு பன்னிரண்டு ஆண்டுகள்.
இனிப்புக்காரி ஒருத்தியின் மகரந்தம் இதற்கு;
இதன் பிள்ளைகள் திரும்பவும் இனிப்புக்கு.
நாலாயிரம் நாற்று,
மூவாயிரத்துத் தொள்ளாயிரம் எருக்குழிக்கு.
சுவை வந்தால் மறுப்பு தொலைந்தது,
மறுப்பு நின்றால் பழம் விரலில் உதிர்ந்தது.
நடுவில் அவளுக்கு ஒரு விவாகரத்து,
ஒரு முழங்கால் அறுவை.

ஸ்விலென் ஊருக்குத் திரும்பவில்லை.
இப்போது ஆறு ஏக்கர் குத்தகை.
மருந்துத் தொட்டி கொட்டகையில் கவிழ்ந்து கிடக்க
அதன் மேல் பூனை தூங்குகிறது.
புதுச் செடியின் பழத்தை முதன்முதலில் தின்றபோது
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாவதை எடுத்தான்.

*

நட்ட ஒன்பதாம் கோடையில்
அவன் வயலில், கடைசிக் கம்பிக்கு அருகே
ஓர் இலையைப் புரட்டுகிறாள்.

ஒரு பூச்சி.
ஊசி இறங்கியிருக்கிறது. எடுக்கவில்லை.
சுற்றிலும் ஏழு மகள்கள்
தலை குனிந்து, பந்தியில்.

கட்டைவிரல் ஒன்று போதும்.
ஸ்விலென் நீட்டியும்விட்டான்.
அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.
கோபமா வியப்பா, அவளுக்கே பிடிபடவில்லை.
ஒரு செடியின் ‘மாட்டேன்’ என்ற சொல்லை
இருபது ஆண்டுகளாக எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தவள்;
அதற்கு மறுமொழியை
இது எந்த இரவில் கற்றது?

கருவியை எடுத்தாள்.
சொடுக்கு. சொடுக்கு.
எட்டுவரை.

எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டி,
ஆராய்ச்சி நிலையத்துப் பழைய வயலை
உழுதுவிட்டார்களா என்று கேட்டாள்.
இல்லை, என்றான் ஸ்விலென், புதர் மண்டிக் கிடக்கிறது.

பதினான்காம் வரிசையில்
பத்தாவது செடி இருந்தது. பதினொன்றாவதும்.
அவற்றை அவள் எண்ணியதே இல்லை.
அன்று இரவு
ஒன்பதில் மகிழ்ந்துபோய்
வீட்டுக்குப் போய்விட்டாள்.