நகத்துக்கு மட்டும் தெரிந்த வரி

புது ஆம்ப்ளிஃபையர் வந்த வாரம்
தார்த்து நகரத்து ஆற்றில் பனிப்பாளம் உடைந்துகொண்டிருந்தது.
பதினோரு கிலோ. நான்கு மாடி. லிஃப்ட் கிடையாது.
குழந்தையைப் போல் ஏந்தி வந்தேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன்,
சிமெண்ட் மூட்டையைப் போலத்தான்.

பழையது சாதுப் பிராணி.
இருபத்தாறு வருடம் மூலையில் வெதுவெதுப்பாய்ப் படுத்திருந்தது.
வலப்பக்கம் எப்போதாவது கரகரக்கும்,
ஒரு தட்டுத் தட்டினால் சமாதானமாகிவிடும்.
அதன் முதுகில்தான் என் கையுறைகள் காயும்.

புதியதில் முதல் இசைத்தட்டு.
செல்லோ பாடவில்லை,
யாரோ தகரத்தை அரத்தால் ராவினார்கள்.
பாடகி 'ஸ' என்று தொடும்போதெல்லாம்
என் பல்லீறில் எலுமிச்சை பிழிந்தது.
சிம்பல் அடித்த இடத்தில்
சமையலறை இழுப்பறை
கத்தி கரண்டியோடு தரையில் கொட்டியது.

பழக வேண்டும், என்றார் கடைக்காரர் ஹெல்டுர்,
நூறு மணி நேரம் ஓடவிடு.
பழக வேண்டியது அதுவா நானா என்று
அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஓடவிட்டேன்.
வேலைக்குப் போகும்போதும் காலி அறைக்குப் பாடியது.
ட்ரெபிளைக் குறைத்தேன்,
பாடகியின் முகத்தில் கம்பளி விழுந்தது.
ஸ்பீக்கர்களைச் சற்றே முகம் திருப்பி வைத்தேன்,
சண்டை போட்ட தம்பதிபோல் நின்றன.
ஹெல்டுரிடம் கடன் வாங்கிய வெள்ளி ஒயர்
(விலைக்கு ஒரு பழைய சைக்கிள் வரும்)
எலுமிச்சைக்கு உப்புச் சேர்த்ததோடு சரி.
வெறும் சுவர் எதிரொலிக்கிறதோ என்று
குளிர்கால மேல்கோட்டை ஆணியில் மாட்டினேன்.
ஒரு மயிரிழை நல்லது.
ஒரு மயிரிழைக்காகவா இவ்வளவு காசு?

ஒன்பதாம் நாள் கதவு தட்டினாள் மாய்ரே.
மூன்றாம் மாடி, ரொட்டி ஆலையில் இரவு வேலை,
மாலையெல்லாம் தூங்குகிறவள்.
ஸ்வெட்டர் முழுக்கக் கம்புரொட்டி வாசனை.
'சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன்' என்று
அவள் வாய் திறக்குமுன் சொன்னேன்.

'குறைக்கச் சொல்லி வரவில்லை.
பேஸ் எங்கே?'

எந்த பேஸ்?

'உன் தரையிலிருந்து என் கட்டிலுக்கு இறங்குமே,
தும், தும்.
அதன்மேல் தலை வைத்துத்தான் தூங்குவேன்.
போன செவ்வாயிலிருந்து வரவில்லை.
இப்போது கொசு மாதிரி ஏதோ.'

செவ்வாய்.
பின்னிரவு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
அலமாரிக்குப் பின்னால் குப்புறக் கிடந்து
நான் கம்பி முடுக்கிய செவ்வாய்.

இரட்டைக் கம்பி, இரண்டும் ஒரே பழுப்பு.
ஒன்றின் உறைமேல் மட்டும் நூல் தடிமனில் ஒரு வரி,
கண்ணுக்குத் தெரியாது, நகத்தில் தட்டுப்படும்.
இடப்பெட்டியில் அதைச் சிவப்பில் தந்திருந்தேன்.
வலப்பெட்டியில் கறுப்பில்.

ஒன்று தள்ளியபோது மற்றது இழுத்திருக்கிறது, ஒன்பது நாளாய்.
நடு அறையில் இரண்டும் மோதிக்
கனத்த சுரங்களை எல்லாம் ரத்து செய்துகொண்டன.
எனக்கு வந்து சேர்ந்தது தூற்றிய உமி.
தானியம் எங்கே என்று கேட்டவள்
கீழ்வீட்டில் கண்மூடிப் படுத்திருந்தாள்.

டார்ச்சை மாய்ரே பிடித்தாள்.
இரண்டு திருகு. ஒரு நிமிடமும் ஆகவில்லை.

செல்லோ வந்து
நாற்காலியில் உட்கார்ந்தது.

எல்லாம் சரியாகிவிடவில்லை.
இரண்டாம் பாட்டின் உச்சியில் அந்தக் குரல் இன்னமும் கீறுகிறது.
ஒயரை மாற்றியும் கீறல், கோட்டை நகர்த்தியும் கீறல்.
பழைய பெட்டி அந்த இடத்தை
இருபத்தாறு வருடம் என்னிடம் மறைத்திருக்கிறது போல.
பாவம், நல்லெண்ணத்தில்தான்.

கையுறை காயவைக்க இடமில்லை, புதியது சூடேறுவதில்லை.
மேல்கோட்டு சுவரிலேயே தொங்குகிறது, ஏப்ரலாகியும்.

மாலை ஆறரைக்குக்
கீழிருந்து துடைப்பக்கட்டை இரண்டு தட்டு.
போதும் என்றா, இன்னும் என்றா,
நாங்கள் அதைப் பேசி வைத்துக்கொள்ளவில்லை.