இருநூறுக்கு இரண்டரை குறைவு

ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை.
தீயணைப்புக் கூடத்தில் ஹீட்டர் ஒரு பக்கம் மட்டும் சுடுகிறது.
நான், கால்குலேட்டர்,
ஈரம் குடித்து விசிறியாய் உப்பிய பதிவேடு.

சம்பளமில்லாத நெருப்புக்கு
வருடத்தில் இருநூறு மணி நேரம் கொடுத்தேன் என்று காட்டினால்
வரியில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள்.
கொஞ்சம்தான்.
சிமியோன் ஓகுவான் கணக்கில் அது
பனிக்கால டயர் இரண்டு.
நான்கல்ல.

முதல் பத்தியில் அழைப்பு, பயிற்சி, கூட்டம்.
இரண்டாவதில் குழாய் உலர்த்தல், வண்டி கழுவல்.
இரண்டாவது முதலாவதை மிஞ்சக் கூடாது.
அணைத்ததைவிட அதிகம் துடைத்தவன்
தீயணைப்பாளன் இல்லையாம்.
ஒட்டாவாவில் யாரோ சிரிக்காமல் உட்கார்ந்து
இதை யோசித்திருக்கிறார்கள்.

பிப்ரவரி ஆறு: முதியோர் இல்லம், கருகிய ரொட்டி.
நாற்பது நிமிடம்.
அதில் இருபது, அவர்கள் வற்புறுத்திய தேநீர்.
நான் தேநீரைக் கழிக்கவில்லை.

மார்ச்: நெடுஞ்சாலையில் ஒரு கார், ஒரு மான்.
ஒன்றரை மணி நேரம்.
அன்று மட்டும் சிமியோனின் கையெழுத்து
கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருக்கிறது.
ஏன் என்பதற்குப் பத்தி இல்லை.

மே முழுக்கப் புல்.
குப்பைக்குத் தீ வைத்துவிட்டு
ஹாக்கி பார்க்கப் போகிறவர்களின் ஊர் இது.

மூன்று தடவை கூட்டினேன்.
பாட்டரி மாற்றிக் கூட்டினேன்.
நூற்றுத் தொண்ணூற்றேழரை.

அப்புறம்தான் கண்ணில் பட்டது, ஜூலை பதினொன்று.
பதினான்கு பேர் கையெழுத்து.
அவனுடைய கட்டம் காலி.

கூப்பிட்டேன். வந்தான்,
பூட்ஸை மிதியடியில் தட்டக்கூட இல்லை.
"ஜூலை பதினொன்னு விட்டுப்போச்சு. போடு ஒரு கையெழுத்து."
"விட்டுப்போகலை."
"நீ அங்கே இருந்தே. தண்ணி பாட்டிலை உன் கையில கொடுத்ததே நான்தான்."
"இருந்தேன்."
"நாலு மணி நேரம், சிமியோன்."
"அது லெயோ வீடு, மர்டீனா.
பேஜர் அடிக்கிறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டேன்.
அண்ணன் வீட்டுக்குப் போனதுக்கு
நான் பில் போடுறதில்லை."

போட்டிருந்தது நம் ஹெல்மெட், பிடித்திருந்தது நம் குழாய்,
இறைத்தது நம் லாரித் தண்ணீர் என்றேன்.
நெருப்புக்கு உறவுமுறை தெரியாது என்றேன்.
படிவத்துக்கும்.
"எனக்குத் தெரியுமே" என்றான்.

இதற்கிடையில் வெளியே பிக்கப்பில் குளிர் தாங்காமல்
லெயோவே உள்ளே வந்துவிட்டான்.
ஜூலையிலிருந்து தம்பியின் நிலவறைதான் அவனுக்கு வீடு.
சேர்வதற்குப் படிவம் இருக்கிறதா என்று கேட்டான்.
ஐம்பத்தொன்பது வயது, ஒரு முழங்கால் சரியில்லை.
புதுத் தாள் எடுத்தேன். பெயர் எழுதினேன்.
மணி நேரம்: பூஜ்ஜியம்.

பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தான்.
"இவனுக்கு எவ்வளவு குறையுது?"
சிமியோன் ஹீட்டரைப் பார்த்தான்.
"கொஞ்சம்" என்றேன்.

அப்போது அடித்தது பேஜர்.
துறைமுகச் சாலை, புகைபோக்கி.
கேள்வி முடிவதற்குள் சிமியோன் லாரியில் இருந்தான்.
நாலு பத்து. எழுதிக்கொண்டேன்.

லெயோவை ஏற்றிக்கொள்ளவில்லை,
அவனுக்கு இன்னும் பூட்ஸ்கூட வழங்கவில்லை.
திறந்த ஷட்டருக்குக் கீழே நின்று
சைரன் தேயும்வரை கேட்டான்.
"இப்போ போறானே, இது சேருமா?"
"சேரும். புது வருஷத்துல."
"சரி" என்றான். பனிவாரியைத் தேடி எடுத்தான்.

பிக்கப்பின் கதவு திறந்தே கிடந்தது,
இருக்கையில் பனி.
சாத்தப் போனவள் குனிந்து
முன் டயரில் கட்டைவிரல் வைத்துப் பார்த்தேன்.
வழவழ.

உள்ளே வந்து
பழைய வருடத்தை ஜூலையில் திறந்துவைத்து
பென்சிலைச் சீவ ஆரம்பித்தேன்.
கூர் வந்த பிறகும்
சீவிக்கொண்டிருந்தேன்.