இடக்கை உறை

அக்டோபர் விடுமுறை, மூன்றாம் நாள்.
மேன் தீவு முழுக்க மழை.
டர்னிப்பைக் குடைந்ததில் மூன்று கரண்டி வளைந்துவிட்டது.
பூசணி என்றால் வெண்ணெய்; இது கருங்கல்.
படகு பழுதுபார்க்கும் ஃபின்லோ, என் கணவன்,
கடைசியில் பட்டறைத் துளைப்பானோடு வந்தான்.
சுவரெல்லாம் மஞ்சள் துருவல்.
கண் இரண்டும் ஒரே பக்கம் போய்விட்டன.
"ஒருக்களித்துப் படுத்த பேய் இது," என்றாள் பிரீஷா.
ஆறு வயது. எதையும் விட்டுத்தர மாட்டாள்.

மாலையில் பேய் ரயில்.
கரிப்புகை, ஈரக் கம்பளி வாசம்,
யாரோ சிந்திய சூப்பில் வழுக்கும் தரை.
பாலத்தடியில் விளக்கை அணைத்தார்கள்.
ஓர் எலும்புக்கூடு பெட்டிக்குள் ஏறியது.
குழந்தைகள் வீறிட்டார்கள். நானும்தான்.
பிரீஷா அதன் விரலைப் பிடித்துப் பார்த்தாள்.
"ஜில்லுனு இருக்கு."

எலும்புக்கூடு தடுமாறியது.
குனிந்து, மிக மெதுவாக,
"மூணு மணி நேரமா மழையில நிக்கிறேன் கண்ணு,"
என்றது, எங்கேயோ கேட்ட குரலில்.

அவள் இடக்கை உறையைக் கழற்றிக் கொடுத்தாள்.
இரண்டு விரல்தான் நுழைந்தது.
அப்படியே அடுத்த பெட்டிக்குப் போனது அது,
ஒரு கை எலும்பு, ஒரு கை சிவப்புக் கம்பளி.
அங்கே அலறல் எழுந்தது,
நடுவில் ஏனோ ஒரு சிரிப்பும்.

வீட்டில் டர்னிப்புக்குள் மெழுகுவத்தி ஏற்றினோம்.
மூடி கருகி, தீய்ந்த முட்டைக்கோஸ் நாற்றம்.
பாதித் தூக்கத்தில் கேட்டாள்:
"நாளைக்கு போஸ்ட் ஆபீஸ் போலாமா?"
யாருக்குக் கடிதம் என்றேன்.
"கடிதம் இல்ல.
கையுறை வாங்கணும்."