பத்துக்கு ஆறு

மாநகராட்சித் தேர்தலுக்குப் பதினொரு நாள்.
ஆண்டாப் ஹில்லில் எங்கள் ஃப்ளெக்ஸ் கடையில்
விளக்கை அணைக்கவே நேரமில்லை.
வேட்பாளரின் முகத்தைக் காலையிலிருந்து
எத்தனை தடவை வெளுப்பாக்கியிருப்பேனோ.

தமிழ்ப் பிரிவுச் செயலாளர் அருளப்பன் வந்தார்,
கையில் மராட்டியில் எழுதிய ஒரு தாள்.
பத்துக்கு ஆறு, நாலு பேனர்,
நம்ம ஜனங்களுக்குப் புரியுற தமிழ்ல போடும்மா.
சாலை, சாக்கடை, கழிப்பறை எல்லாம் சுலபமாக வந்தன.
கடைசி வரியில் ஒரு சொல்:
பர்ப்ராந்தீய்.
அவர்களை வெளியேற்றுவோம் என்று முடிகிறது.

வெளிமாநிலத்தார், என்று அடித்தேன்.
ரேஷன் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு.
வெளியூர்க்காரர்.
கல்யாணத்துக்கு வந்தவங்க மாதிரி இருக்கு.
அயலார்.
என்னம்மா, சர்ச்சுல வாசிக்கிறதுக்கா?
பிறகு அவரே சொன்னார், மாவாவைக் கன்னத்தில் ஒதுக்கி:
வந்தேறி.
நாலே எழுத்து. பெருசா வரும்.

மராட்டியில் அப்பா முதன்முதலாகக் கற்றுக்கொண்டதே
அந்தத் தாளில் இருந்த சொல்தான்.
கற்றுக்கொடுத்தவர்கள் கையில் சைக்கிள் செயின் இருந்தது.
மாட்டுங்காவில் அவருடைய லாண்டரிப் பலகைக்குத்
தார் பூசிவிட்டுப் போனார்கள்.
அடுத்த தேர்தலிலேயே
அவர்களுடைய சின்னத்தில் குத்தினார் அப்பா.
அதற்கடுத்ததிலும்.
ஏம்ப்பா என்று நான் கேட்கும் வயது வந்தபோது சொன்னார்:
அடிக்கிறவன் பையில நம்ம ஓட்டு கிடந்தா
கை ஓங்குறதுக்கு முன்னால ஒரு நிமிஷம்
பையைத் தடவிப் பார்ப்பான்.

அந்த ஒரு நிமிஷத்தில்தான்
எங்கள் சந்துக்குக் குழாய் வந்தது,
மாரியம்மனுக்குக் கூரை வந்தது,
அக்காக்கள் மூவருக்கும் கல்யாணம் நடந்தது,
நான் பி.காம். முடித்தேன்.
நீளமான நிமிஷம்.

இயந்திரம் துப்பிய பேனரை
மொனிருல் தரையில் விரித்தான். மால்டாக்காரன்.
ஓரத்தில் ஓட்டை போட்டு வளையம் அடிப்பது அவன் வேலை,
ஒன்றுக்குப் பதினாறு.
சிவப்பில் அந்த நாலு எழுத்து.
அதன்மேல் முழங்காலை ஊன்றிச்
சுத்தியலால் தட்டிக்கொண்டே நகர்ந்தான்.
கியா லிகா ஹை, தீதி?
சுனாவ், என்றேன்.
தலையாட்டினான்.

அவனுக்கு ஓட்டு ஊரில்.
பட்டியலில் பெயர் இன்னும் இருக்கிறதா என்று தேட
நேற்றுத்தான் என் செல்போனை இரவல் வாங்கினான்.
ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ்,
கறையான் ஓரம் தின்ற ஒரு நிலப் பத்திரம்.
எல்லாம் இரண்டிரண்டு நகல், லேமினேஷன்.
முதலாளி பாதிக் காசுதான் வாங்கினார்.

அந்த வரியை நான் அழித்திருக்கலாம்.
கைதவறியதுபோல ஒரு கொம்பையாவது விட்டிருக்கலாம்.
குடிநீர் குழாய் என்றிருந்த இடத்தில்
ஒரு க் சேர்த்தேன், அவ்வளவு கவனம்.
இருநூற்று நாற்பது சதுர அடி,
அடிக்குப் பதினைந்து, ரொக்கம்.

வாக்குப்பதிவு அன்று
அப்பாவின் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனேன்.
சந்து முனையில் நின்றுவிட்டார்.
தெருவில் தமிழ் எழுத்தைப் பார்த்தால்
வாசிக்காமல் நகர மாட்டார்.
கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மாட்டினார்.
வ. ந். தே.
என் கைக்குள் அவர் கை இறுகியது.
நம்மளையாடி போட்டிருக்கான், திரும்பவும்?

இல்லப்பா.
இந்தத் தடவ நாம இல்ல.

வரிசைக்குப் போகிறவர்கள்
எங்களைச் சுற்றி விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள்.
மேல் மூலையில் ஒரு வளையம் பிய்ந்து
பேனர் படபடவென்று அடித்துக்கொண்டது.

சரி, என்றார் அப்பா.
எத்தனாவது பட்டன்னு மட்டும் சொல்லு.