இரண்டாவது தீக்குச்சி

ஒரே குச்சி. அதுதான் விதி.
ஒரு குச்சியில் தீ மூட்டி
குவளைத் தண்ணீர் கொதிக்கும்வரை காத்துவிட்டால்
தோள்பட்டையில் தைத்துக்கொள்ளலாம்
ஆரஞ்சு நூலில் ஒரு தீநாக்கு.

மினசோட்டாவின் வடக்கே
படகுத்துறைகூட இல்லாத ஒரு ஏரி.
செப்டம்பர் இன்னும் முடியவில்லை,
அதற்குள் கூடாரக் கயிறெல்லாம் வெள்ளையாய் விறைத்திருந்தது.
பதினோரு சாரணச் சிறுமிகள்.
ஹிஜாபுக்கு மேல் கம்பளித் தொப்பி,
நீளப் பாவாடைக்குக் கீழே
அண்ணன்மார் விட்டுப்போன பூட்ஸ்.
மீன் பிடிக்க வந்த இருவர்
துடுப்பை நிறுத்திப் பார்த்தார்கள்.
இட்மான் கையசைத்தாள்.
அவர்களும் அசைத்தார்கள்,
கொஞ்சம் யோசித்து.

பிர்ச் மரப்பட்டை ஈரத்திலும் எரியும்
என்றது கையேடு.
எரியும்தான்.
காற்று கையேட்டைப் படித்திருக்கவில்லை.
ஃபில்ஸானின் முதல் குச்சி
சீறி, ஒரு மூச்சு நின்று, கருகிப்போனது.
திரும்பிப் பார்த்தாள்.
ஸாஹ்ரோ சுள்ளி பொறுக்கப் போயிருந்தாள்.
உபாஹ், சரிந்த கூடாரத்துக்குள்ளிருந்து
யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.
எவரும் பார்க்கவில்லை என்று
உறுதிசெய்துகொள்ள இரண்டு நொடி ஆனது.
பிறகு நெடுநேரம் உறுத்தியது
குச்சி அல்ல,
அந்த இரண்டு நொடி.

இரண்டாவது பிடித்துக்கொண்டது.
ஏலமும் கிராம்பும் தட்டிப் போட்டு
வீட்டிலிருந்து வந்த பொட்டலம் பிரிந்து
பதினோரு குவளைக்கும் தேநீர் ஆனது.
"ஒரே குச்சியா?" இட்மான் கேட்டாள்.
"ம்."
எழுதும் எனக்கு அங்கே கை நின்றது.
தமிழில் அது ஒரு மெய்யெழுத்து.
மெய் மட்டும் அதில் இல்லை.

அன்று மாலைதான் கொடியின் கீழே
மூன்று விரல் உயர்த்திச் சொல்லியிருந்தார்கள்,
இறைவனுக்கும் நாட்டுக்கும்
இயன்றவரை முயல்வேன் என்று.
இரவில் லூன் பறவை கத்தியது.
சின்னவள் ஒருத்தி, ஓநாய் என்று அழுதாள்.
ஃபில்ஸான் உறைப்பைக்குள் விழித்துக் கிடந்து
அவளுக்கு வழி விட்டாள்.

விடியுமுன் ஏரியில் ஒளு.
முகம் கழுவும்போது எல்லாருக்கும் வாய் அலறியது,
யாருக்கும் சத்தம் வரவில்லை.
திசைமானி காட்டிய வடகிழக்கில்
தார்ப்பாய் விரித்து,
தோளோடு தோள், பூட்ஸ் கழற்றிய கால்கள்
குளிருக்கே நெருங்கி நின்றன.
அத்தஹிய்யாத்தில் ஆட்காட்டி விரல் நீண்டபோது
ஃபில்ஸான் பார்த்தாள்:
மூன்று முறை கழுவியும்
நக இடுக்கில் கரி.

வலப்பக்கம் ஸலாம்.
இடப்பக்கம் ஸலாம்.
இடப்பக்கம் இட்மான்.

"இரண்டு" என்றாள் ஃபில்ஸான்.
"சுபுஹ் இரண்டு ரக்அத்துதானே" என்றாள் இட்மான்
தார்ப்பாயின் முனையைச் சுருட்டியபடி.
"இல்லை. குச்சி."

இட்மான் சுருட்டுவதை நிறுத்தினாள்.
ஏரியின் மேல் ஆவி எழுந்துகொண்டிருந்தது,
அதையே கொஞ்சநேரம் பார்த்தாள்.
"டீ நல்லாத்தான் இருந்தது."
அவ்வளவுதான் சொன்னாள்.
கூடவே நடந்து வந்தாள்,
குழுத்தலைவி ஹோதானின் பதிவேடுவரை.
ஹோதான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே
"அழிப்பான் பென்சிலின் மறுமுனையில் இருக்கு" என்றாள்.
பெயர் அழிந்த இடத்தில்
தாள் மெலிந்து, கொஞ்சம் கிழிந்தது.

நண்பகலில் இன்னொரு குச்சி.
பதினோரு பேரும் காற்றுக்குக் குறுக்கே
பாவாடையை விரித்து நின்றார்கள்.
பட்டை பற்றியது. சுள்ளி பற்றியது.
தண்ணீரில் முதல் குமிழி வரும்போது
மழை.

டுலூத்தில் வேன் நின்றபோது
எல்லாரும் சிப்ஸ் வாங்க இறங்கினார்கள்.
மினியாபொலிஸ் சேர இருட்டிவிட்டது.
கதவு திறந்த அம்மா
மகளின் தலைத்துணியை முகர்ந்தாள்.
கொதித்த தீக்கும் அணைந்த தீக்கும்
துணியில் ஒரே மணம்தான்.

"தீ மூட்டினாயா?"

பூட்ஸ் கயிற்றின் முடிச்சு
நனைந்து இறுகியிருந்தது.
அதைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்:
"மூட்டப் பார்த்தேன்."